14 மாதம் ஊதிப் பார்த்த கருவி: 5-க்கு 3.5

இதை வாங்கிய கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. நண்பர்கள் கூட்டம் ஒன்றில் நள்ளிரவு வரை குடித்தேன். வண்டியைத் தொடவில்லை, குடிக்காத ஒருவர் வீட்டில் கொண்டுவந்து விட்டார். தூங்கி, எழுந்து, குளித்து, முழுத் தெளிவோடு காலையில் வேலைக்குக் கிளம்பினேன். வழியில் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். காலை ஏழரை மணிக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று சிரித்துக்கொண்டேதான் ஊதினேன். அதிகாரி எண்ணைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார். வரம்புக்கு நூலிழை கீழே. போகச் சொல்லிவிட்டார். போதை என்று எனக்குத் துளிகூடத் தெரியவில்லை, அதுதான் வயிற்றைக் கலக்கியது. அன்று மாலையே உட்கார்ந்து சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும், மூச்சை வைத்து ரத்த ஆல்கஹாலைச் சொல்லும் கருவி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினேன். அப்புறம் ஒரு மாதம் கழித்து, ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையில், மலிவான ரகத்தில் இன்னொன்றும்.

பிராண்டு பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தச் சாமானில் வெளிக்கூட்டுக்கு அவ்வளவு முக்கியத்துவம் இல்லை, உள்ளே எந்த சென்சார் இருக்கிறது என்பதுதான் விஷயம். நான் முதலில் வாங்கியது ஃபியூயல் செல் ரகம். ஆல்கஹால் ஆவி பிளாட்டினம் பூசிய தகட்டில் பட்டு ஆக்ஸிஜனோடு வினைபுரியும்போது சிறு மின்னோட்டம் வரும், அதை அளந்து எண்ணாக்கிக் காட்டும். சாலையோரம் காவலர்கள் கையில் இருக்கும் கருவிகளில் பெரும்பாலானவை இதே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டாவது செமிகண்டக்டர் ரகம். அது ஆல்கஹாலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காது. வாசனைத் திரவியம், பெயிண்ட் ஆவி, சர்க்கரை நோயாளிகள் சிலரின் மூச்சில் வரும் அசிட்டோன், எதைக் கண்டாலும் ஆடும். ஃபியூயல் செல் அசிட்டோனைக் கண்டுகொள்வதில்லை. வாங்குகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும், மற்ற அலங்காரம் எல்லாம் கடைக்காரர் சொல்லும் கதை.

பெட்டியில் கருவி, உறை, ஐந்து ஊதுகுழாய், மின்கலம். பொத்தானை அழுத்தினால் இருபதிலிருந்து எண்ணிக்கொண்டு வரும், பீப் சத்தம் வந்ததும் நிறுத்தாமல் ஐந்து வினாடி ஊத வேண்டும். பாதியில் விட்டால் பிழை காட்டும். அப்படித்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் முதலில் வரும் காற்று வாயும் தொண்டையும் அடைத்துவைத்திருந்த காற்று. நுரையீரலின் அடியிலிருந்து வருவதில்தான் ரத்தத்தின் கணக்கு இருக்கிறது. பெட்டி மேல் போட்டிருக்கும் துல்லியம்: 0.05 அளவில் (ரத்தத்தில் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்ற கணக்கு) கூட்டியோ குறைத்தோ 0.005. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஆய்வகத்தில், சரியான வெப்பத்தில், புதிதாக அளவு திருத்திய கருவிக்கு.

முதல் நாளே ஒரு கூத்து. ஒரு பீர் குடித்து முக்கால் மணி நேரம் கழித்து ஊதினேன், 0.11 என்று காட்டியது. ஒரு பீருக்கு இதுவா என்று பதறிப்போய்க் கையேட்டைப் புரட்டினால், கருவி லிட்டர் மூச்சுக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் இருக்கிறது. ரத்தச் சதவீதத்துக்கு மாற்றினால் 0.02 சொச்சம். இந்த அலகுக் குழப்பம் சாதாரணமானது இல்லை. ஒரே அளவு போதையை ஓரிடத்தில் 0.05 என்பார்கள், இன்னோரிடத்தில் ஆயிரத்துக்கு 0.5 என்பார்கள், வேறோரிடத்தில் 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் என்பார்கள், மூச்சில் அளந்தால் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் என்பார்கள். எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த அலகில் இருக்கிறோம் என்பதைத் திரையின் மூலையில் எறும்பு அளவு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். குடித்தவன் படிக்க வேண்டிய எழுத்தா அது? இதற்கு அரை நட்சத்திரம் வெட்டு.

வரம்பும் ஊருக்கு ஊர் வேறு. சுவீடனில் 0.02, இந்தியாவில் 0.03, ஜெர்மனியிலும் பிரான்சிலும் 0.05, இங்கிலாந்தில் 0.08. ஸ்காட்லாந்து 2014-இல் 0.05-க்கு இறங்கியது. அமெரிக்க மாநிலங்களில் 0.08 என்றிருக்க, யூட்டா மட்டும் 2018 இறுதியில் 0.05-க்கு வந்தது. கருவியில் வரம்பை நாமே அமைத்துக்கொள்ளலாம், அதைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரியும். இந்தச் சிவப்பு விளக்கைப் பற்றி எனக்கு இருக்கும் புகாரைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

முதல் சில வாரம் சிறுபிள்ளை மாதிரி எதை எதையோ செய்து ஊதிப் பார்த்தேன். ஒரு சொட்டு குடிக்காமல், ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் திரவத்தைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு உடனே ஊதினால், ஆளைத் தூக்கி உள்ளே வைக்கும் அளவுக்கு எண் வந்தது. 15 நிமிடம் கழித்து 0.00. ஏப்பம் விட்டபின், வாந்தி எடுத்தபின், கடைசி மடக்கை விழுங்கிய உடன் ஊதினாலும் இதே வம்புதான். வாயில் ஒட்டியிருக்கும் ஆல்கஹால் நுரையீரல் கணக்கைக் கெடுத்துவிடும். அதனால்தான் நீதிமன்றத்துக்குப் போகும் சோதனைக்கு முன்னால் 15 அல்லது 20 நிமிடம் ஆளைக் கண்காணித்துக்கொண்டே காத்திருக்க வேண்டும் என்று பல நாடுகளில் விதி வைத்திருக்கிறார்கள். கண்காணிப்பது என்றால் பக்கத்தில் இருந்து பார்ப்பது, அடுத்த மேசையில் படிவம் நிரப்புவது அதில் சேராது. வழக்குகள் உடைவது பல நேரம் இந்த 15 நிமிடத்தில்தான்.

அடுத்து மூச்சு விளையாட்டு. நிஜமாகவே இரண்டு ரவுண்டு குடித்த ஒரு நாள் (வீட்டில், வண்டிச் சாவி மனைவியிடம்), ஒரே பத்து நிமிடத்துக்குள் மூன்று விதமாக ஊதினேன். சாதாரணமாக ஊதியது ஒரு எண். அரை நிமிடம் மூச்சை அடக்கிவைத்து ஊதினால் கூடுகிறது. வேக வேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு உடனே ஊதினால் குறைகிறது. ஒரே ஆள், ஒரே ரத்தம், மூன்று எண். வித்தியாசம் பத்துச் சதவீதத்தை ஒட்டி இருந்தது. வரம்புக்கு ரொம்ப மேலே இருப்பவனுக்கு இதனால் ஒன்றும் ஆகாது, விளிம்பில் நிற்பவனுக்குத்தான் எல்லாமே இதில் இருக்கிறது.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. மூச்சை அளந்து ரத்தத்தைச் சொல்ல வேண்டுமென்றால் இரண்டுக்கும் ஒரு விகிதம் வேண்டும். 2,100 மில்லி மூச்சுக் காற்றில் இருக்கும் ஆல்கஹாலும் 1 மில்லி ரத்தத்தில் இருப்பதும் சமம் என்று அமெரிக்காவில் வைத்துக்கொண்டார்கள், பிரிட்டன் 2,300 என்று வைத்துக்கொண்டது. மனிதர்கள் எல்லாரும் இந்த விகிதத்தில் பிறப்பதில்லை. ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கும் குடித்துக்கொண்டிருக்கும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. வெளிவரும் மூச்சு 34 டிகிரி என்பதும் ஒரு அனுமானம்தான், ஒரு டிகிரி கூடினால் ரீடிங் ஏறக்குறைய 6.5 சதவீதம் கூடிவிடும். காய்ச்சலோடு ஊதுகிறவன் காய்ச்சலுக்கும் சேர்த்து ஊதுகிறான். வக்கீல்கள் இதைப் பிடித்துக்கொண்டு வாதாட ஆரம்பித்ததும் சட்டம் எழுதுகிறவர்கள் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்தார்கள்: குற்றத்தையே மூச்சில் வரையறுத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் 100 மில்லி மூச்சில் 35 மைக்ரோகிராம், அமெரிக்காவில் பல மாநிலங்களில் 210 லிட்டர் மூச்சுக்கு இத்தனை கிராம். உன் ரத்தத்தில் என்ன இருந்தது என்பது எங்களுக்கு வேண்டாம், மூச்சில் இது இருந்தது, அதுவே குற்றம். விகிதத்தைப் பற்றிய வாதம் அதோடு பெரும்பாலும் செத்தது. எனக்கு இதில் கொஞ்சம் நெருடல்தான், ஆனால் நடைமுறைக்கு வேறு வழியும் தெரியவில்லை.

எண்ணை வைத்துக் குற்றம் சொல்லும் முறை புதிதல்ல. 1936-இல் நார்வே 0.05 என்று சட்டம் போட்டது. அதற்கு முன்னும், பல இடங்களில் அதற்குப் பின்னும் வெகுகாலம், ஆள் தள்ளாடினானா, நாக்குக் குழறியதா, கண் சிவந்திருந்ததா என்று ஒருவர் வந்து சாட்சி சொல்வார். அமெரிக்காவில் 1930-களில் ரோலா ஹார்கர் பலூனில் ஊதவைத்து நிறமாற்றம் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்தார். 1954-இல் ராபர்ட் போர்கென்ஸ்டீன் எடுத்துச்செல்லும் அளவுக்கு ஒன்றைச் செய்தார், மஞ்சள் நிற டைக்ரோமேட் கரைசல் ஆல்கஹால் பட்டு எவ்வளவு நிறம் இழக்கிறது என்று ஒளியை வைத்து அளப்பது. இன்று காவல் நிலையத்தில் வைத்திருக்கும் பெரிய கருவிகளில் பல அகச்சிவப்புக் கதிரை வைத்து அளக்கின்றன, இரண்டு முறை ஊதச் சொல்லி இரண்டு எண்ணும் ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கின்றன. என் சட்டைப்பைச் சாமான் ஒரே ஒரு முறைதான் கேட்கிறது. அதனால் நானே எப்போதும் இரண்டு முறை ஊதுகிறேன், நடுவில் சில நிமிடம் விட்டு.

இனி இதன் பெரிய குறை. வாங்கி ஆறாவது மாதம் குடிக்காத நாளிலும் 0.01 காட்ட ஆரம்பித்தது. கையேட்டில் வருடத்துக்கு ஒருமுறை அளவுத்திருத்தம் என்றுதான் இருந்தது. சேவை மையத்துக்கு எழுதினேன். இரண்டு வாரம் பதிலே இல்லை, அப்புறம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன், திருப்பி வந்தது, ‘சரிசெய்யப்பட்டது’ என்று ஒரு சீட்டு. எந்த அளவில் சோதித்தார்கள், எவ்வளவு விலகியிருந்தது, எதை மாற்றினார்கள், ஒரு வரி கிடையாது. கேட்டால் ‘அது உள் விவரம்’ என்கிறார்கள். வீட்டுச் சாமானுக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். இதே பதில் ஒரு குற்ற வழக்கில் வந்தால்?

வந்திருக்கிறது. நியூ ஜெர்சியில் கருவிகளை அளவு திருத்தும்போது, ஆல்கஹால் அளவு முன்பே தெரிந்த சோதனைக் கரைசல் 34 டிகிரியில்தான் இருக்கிறதா என்று தரச்சான்று உள்ள தனி வெப்பமானியால் பார்க்க வேண்டும். அதைச் செய்ய வேண்டிய ஓர் அதிகாரி அந்தப் படியைத் தவிர்த்துவிட்டார் என்று தெரியவந்தது. 2018-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், அவர் திருத்திய கருவிகளின் 20,000-க்கும் மேற்பட்ட சோதனை முடிவுகளைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஒரு வெப்பமானி! மாசசூசெட்ஸில் இன்னும் மோசம். கருவிகளைப் பராமரித்த அரசு அலுவலகமே, கருவிகள் தேறாத அளவுத்திருத்த முடிவுகளை வழக்கறிஞர்களுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தது. 2011 முதல் 2019 வரையிலான மூச்சுச் சோதனைகளை விலக்க வேண்டும் என்று 2023-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே நியூ ஜெர்சியில் 2008-இல் கருவியின் நிரலையே பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வாதாடி, பார்க்கவும் பார்த்தார்கள், குறைகள் கிடைத்தன, ஆனாலும் சில நிபந்தனைகளோடு கருவி போதுமான அளவு நம்பத்தக்கது என்றுதான் தீர்ப்பு வந்தது. ஆக, இயந்திரம் பொதுவாகத் தப்பித்துவிடுகிறது. அதைக் கையாண்ட ஆள், எழுதாமல் விட்ட பதிவேடு, கொடுக்காமல் வைத்திருந்த காகிதம், மாட்டிக்கொள்வது இவைதான்.

ரத்தப் பரிசோதனை என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கூடுதல் துல்லியம், உண்மைதான். ஆனால் ஊசி போடும் இடத்தை ஆல்கஹால் பஞ்சால் துடைத்தார்களா, குழாயில் சோடியம் ஃபுளோரைடு இருந்ததா (அது இல்லாமல் வெளியே கிடந்தால் மாதிரி புளித்துப் புதிதாக ஆல்கஹால் உண்டாகலாம்), மருத்துவமனை அளந்தது முழு ரத்தத்தையா, அணுக்களை நீக்கிய தெளிந்த நீரான சீரத்தையா என்ற கேள்விகள் இருக்கின்றன. சீரத்தில் அளந்தால் எண் கூடுதலாக வரும், மாற்றிக் கணக்கிட வேண்டும். 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கில், ரத்த அறிக்கையில் கையெழுத்துப் போட்ட ஆய்வாளர் சாட்சி சொல்ல வரவில்லை, அவருக்குப் பதில் வேறொருவர் வந்து படித்தார். அது செல்லாது, சோதித்தவரையே குறுக்கு விசாரணை செய்யக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம்.

கருவியோடு வரும் செயலியில் ‘உடல் சோதனை’ என்று ஒரு பகுதி இருக்கிறது. நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட ஒன்பது காலடி நடந்து, திரும்பி ஒன்பது காலடி வர வேண்டும். ஒற்றைக் காலில் 30 வினாடி நிற்க வேண்டும். அமெரிக்கக் காவலர்கள் சாலையோரம் செய்யவைக்கும் சோதனையிலிருந்து எடுத்தது. 1970-களின் கடைசியில் அவர்களுடைய போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு பணம் கொடுத்து உருவாக்கவைத்தது, மூன்றாவதாகக் கண்விழி நடுக்கத்தைப் பார்ப்பதும் உண்டு. நான் ஒரு சொட்டுக் குடிக்காமல் செய்தேன். என் முட்டி பழைய அடிபட்ட முட்டி. நடையில் இரண்டு தப்பு, ஒற்றைக் காலில் இரண்டு தப்பு. இரண்டு தப்பு வந்தாலே தேறவில்லை என்று கணக்கு. என் மச்சான் மூன்று பெக் போட்டுவிட்டு மிலிட்டரி மாதிரி நடந்து காட்டினான். “மாமா, நீங்கதான் குடிச்சிருக்கீங்க” என்று நக்கல் வேறு.

ஆரம்ப ஆய்வுகளிலேயே, 0.10-க்கு மேலா கீழா என்று பிரிப்பதில் கண் சோதனை 77 சதவீதமும், நடை 68-உம், ஒற்றைக் கால் 65-உம்தான் சரியாகச் சொன்னது. 65 வயதைத் தாண்டியவர்கள், முதுகு, கால், உள்காதுக் கோளாறு உள்ளவர்கள் சிரமப்படுவார்கள் என்று பயிற்சிக் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. பின்னால் வந்த ஆய்வுகளில் எண்கள் மேம்பட்டன, மூன்றையும் சேர்த்துச் செய்தால் இன்னும் நன்றாக வருகிறது. இருக்கட்டும். ஆனால் இந்த மூன்றும் சொல்வது ‘ரத்தத்தில் இவ்வளவு இருக்கலாம்’ என்பதைத்தான். ‘இவனால் வண்டி ஓட்ட முடியாது’ என்பதை யாரும் அதில் அளக்கவில்லை. சாட்சிக் கூண்டில் சொல்லும்போது இந்த இரண்டும் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன. செயலியின் இந்தப் பகுதியை நான் அழித்துவிட்டேன்.

ஜெர்மனிக்காரர்கள் செய்திருப்பது எனக்குப் பிடித்தது. அங்கே ஆயிரத்துக்கு 0.5 தாண்டினால் அபராதம், 1.1 தாண்டினால் எப்படி ஓட்டினாய் என்று கேட்காமல் குற்றம். அந்த 1.1-க்குக் கீழே, 0.3 இருந்தாலே, தடுமாறி ஓட்டியதற்கு அடையாளம் இருந்தால் குற்றம். எண்ணும் நடத்தையும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்க வேண்டும்.

கஞ்சாவுக்கு இந்தக் கருவி உதவாது, வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு ரத்தம் பார்த்தாலும் சிக்கல்தான். கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி கொழுப்பில் போய்ப் படிந்துகொள்ளும், ரத்தத்தில் அளவு சட்டென்று விழுந்துவிடும், தடுமாற்றம் அதே வேகத்தில் போகாது. தினமும் பயன்படுத்துகிறவர் நிறுத்திப் பல நாள் கழித்தும் கொஞ்சம் மிச்சம் காட்டலாம். கொலராடோவும் வாஷிங்டனும் மில்லிக்கு 5 நானோகிராம் என்று வைத்திருக்கின்றன. ஆனால் ரத்த அளவை வைத்துத் தடுமாற்றத்தைச் சொல்ல முடியாது என்று 2017-இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பே நாடாளுமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தது. ஆல்கஹாலுக்கு வேலை செய்த முறையை அப்படியே பெயர்த்து வேறொன்றின் மேல் ஒட்டினால் இப்படித்தான்.

சரி, சிவப்பு விளக்குக்கு வருகிறேன். சிவப்பால் தொல்லை இல்லை, பச்சையால்தான் தொல்லை. கடைசிக் கிளாஸை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஊதினால் 0.03, பச்சை. அரை மணியில் 0.05. ஆல்கஹால் உச்சத்துக்கு ஏற அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகும், வாசலில் நின்று ஊதியவன் பாதி வழியில் இன்னொரு ஆளாகியிருப்பான். இந்த ஏற்ற இறக்கம் வழக்கிலும் வரும். பத்து மணிக்கு நிறுத்தி, பன்னிரண்டு மணிக்கு அளந்து 0.07 வந்தால், மணிக்கு 0.01 முதல் 0.025 வரை இறங்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு, பத்து மணிக்கு 0.09-இலிருந்து 0.12-க்குள் இருந்திருக்கும் என்பார்கள். அப்போது இன்னும் ஏறிக்கொண்டிருந்திருந்தால் அந்தக் கணக்கு அத்தனையும் தலைகீழ். எப்போது குடித்தான், எதன் மேல் குடித்தான் என்று தெரியாமல் போடும் கணக்கை நான் நம்ப மாட்டேன்.

ஆனால் இறங்கும் பக்கத்தில் இந்தக் கருவி தங்கம். நள்ளிரவில் 0.12, காலை ஆறுக்கு ஊதினேன், 0.03. மணிக்கு 0.015 என்ற பாடப்புத்தகக் கணக்கு அப்படியே. குளியலும் தூக்கமும் அதை ஒரு புள்ளிகூட வேகப்படுத்தவில்லை. வெகுநாள் நான் தெளிந்துவிட்டேன் என்று நினைத்து ஓட்டிய காலைகளை எண்ணிப் பார்த்து அன்று கொஞ்ச நேரம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவு படித்துவிட்டு ‘அப்போ கேஸை உடைச்சிடலாம்’ என்று யாராவது துள்ளினால், நான் சொன்ன சந்தேகம் எல்லாம் 0.07-க்கும் 0.09-க்கும் நடுவில் நிற்பவனுக்கு. 0.18 ஊதியவனுக்கு வெப்பமானியும் விகிதமும் சேர்ந்து எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் வரம்புக்குள் வராது. போர்கென்ஸ்டீனே அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் நடத்தி 1964-இல் வெளியிட்ட ஆய்வில், அளவு ஏற ஏற விபத்து வாய்ப்பு எப்படிச் செங்குத்தாக ஏறுகிறது என்று காட்டியிருந்தார்.

மதிப்பெண்: ஃபியூயல் செல்லுக்கு 3.5. அலகு எழுத்துக்கு அரை, சேவை மையத்தின் ஒற்றைவரிச் சீட்டுக்கு ஒன்று வெட்டியாயிற்று. செமிகண்டக்டருக்கு 1, அதுவும் விளக்கு எரிகிறதே என்பதற்காக. கூட்டங்களுக்கு இரண்டையும் எடுத்துப்போவதை நிறுத்திவிட்டேன், யார் அதிகம் ஊதுகிறார்கள் என்று போட்டி ஆரம்பித்துவிடுகிறார்கள், போன தடவை மச்சான் 0.16 எடுத்து ஜெயித்துவிட்டு எல்லாரையும் கைதட்டச் சொன்னான். இப்போது அது படுக்கைக்குப் பக்கத்து மேசையில் கிடக்கிறது. காலையில் ஊதுகிறேன்.